ஒரு புள்ளி கூடினால் சார்புவெளியில் என்ன மாறும்?

கேள்வி, ஜனவரி 8

எக்ஸ் ஒரு டிக்கோனோஃப் வெளி (ஒரு புள்ளியையும் அது இல்லாத மூடிய கணத்தையும் தொடர்ச்சியான சார்பால் பிரிக்கக்கூடிய வெளி). அதோடு ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்து ஒய் என்ற வெளியை உண்டாக்குகிறோம். எக்ஸ் மேல் உள்ள ஒவ்வொரு தொடர்ச்சியான மெய்ச்சார்பும் ஒய்க்கு ஒரே விதமாக நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சி-பி(எக்ஸ்), சி-பி(ஒய்) என்ற சார்புவெளிகள் இரண்டிலும் இருப்பவை அதே சார்புகள்தான். கணக்கற்ற புள்ளிகள் இருக்கும் இடத்தில் ஒன்று கூடியதால் லிண்டலாஃப் எண், டைட்னஸ் மாதிரியான கார்டினல் இன்வேரியன்ட்கள் (வெளியின் குணங்களை அளக்கும் முடிவிலி எண்கள்) மாறாது என்று நினைக்கிறேன். யாராவது நிரூபணம் எழுத முடியுமா?

---

ஜனவரி 8, இரவு

நிரூபணம் எழுத முடியாது. கூற்று தவறு, அதுவும் கொஞ்சநஞ்சத் தவறு இல்லை.

எக்ஸ் ஆக ஒமேகா-1ஐ எடுங்கள். எண்ணிடத்தக்க வரிசையெண்கள் எல்லாம் சேர்ந்த வெளி, வழக்கமான வரிசை இடவியலோடு. ஒய் என்பது ஒமேகா-1 + 1, அதாவது உச்சியில் ஒரு புள்ளி கூடியது. ஒமேகா-1 மேல் எந்தத் தொடர்ச்சியான மெய்ச்சார்பும் ஓர் இடத்துக்கு அப்பால் மாறிலியாகிவிடும். ஆகவே அது உச்சிப்புள்ளிக்கு ஒரே விதமாக நீள்கிறது. நீங்கள் கேட்ட நிபந்தனை அச்சாகப் பொருந்துகிறது.

விளைவு: சி-பி(ஒமேகா-1) லிண்டலாஃப், ஆனால் அதன் டைட்னஸ் எண்ணிடத்தக்கது இல்லை. சி-பி(ஒமேகா-1 + 1)-இன் டைட்னஸ் எண்ணிடத்தக்கது, ஆனால் அது லிண்டலாஃப் இல்லை. இரண்டு குணங்களும் இடம் மாறிக்கொண்டன.

விவரம் நாளை. இப்போது தூக்கம் வருகிறது.

---

ஜனவரி 9, காலை

முதலில் சி-பி என்றால் என்ன என்று கேட்டிருக்கும் இன்னொருவருக்காக: எக்ஸ் மேலுள்ள தொடர்ச்சியான மெய்ச்சார்புகள் எல்லாவற்றின் கணம், புள்ளிவாரி ஒருங்கலின் இடவியலோடு. ஒரு சார்பின் அண்மையைச் சொல்ல வேண்டுமானால் எக்ஸ்-இலிருந்து முடிவுறு எண்ணிக்கையில் புள்ளிகளையும் ஒரு சிறு பிழை அளவையும் எடுக்கிறீர்கள். அந்தப் புள்ளிகளில் அந்தப் பிழைக்குள் ஒத்துப்போகிற சார்புகள் எல்லாம் அண்மையில் அடக்கம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாட்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் முடிவுறு எண்ணிக்கையிலான சாட்சிகளைத்தான் கூண்டில் ஏற்றலாம், ஆனால் யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

டைட்னஸ் எண்ணிடத்தக்கது என்றால்: ஒரு புள்ளி ஒரு கணத்தின் அடைப்பில் இருந்தால், அந்தக் கணத்தின் ஏதோ ஓர் எண்ணிடத்தக்க உட்கணத்தின் அடைப்பிலேயே அது இருக்க வேண்டும். லிண்டலாஃப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தத் திறந்த உறையிலிருந்தும் எண்ணிடத்தக்க உள்ளுறை கிடைக்கும்.

இப்போது ஒரே ஒரு குடும்பத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணிடத்தக்க ஆல்பாவுக்கும் ஒரு படிச்சார்பு: ஆல்பா வரைக்கும் (ஆல்பா உட்பட) மதிப்பு 1, அதற்குப் பின் 0. இதைப் படி-ஆல்பா என்போம். தொடர்ச்சியானதுதான், ஏனென்றால் ஆல்பா வரையிலான துண்டு திறந்ததும் மூடியதும் ஆகும்.

சி-பி(ஒமேகா-1)-இல்: 1 என்ற மாறிலிச் சார்பு இந்தக் குடும்பத்தின் அடைப்பில் இருக்கிறது. எந்த முடிவுறு சாட்சிக் கூட்டத்தை அழைத்தாலும், அவர்களில் மிகப் பெரியவரைத் தாண்டிய ஆல்பாவை எடுத்தால் எல்லோரும் "1" என்பார்கள். ஆனால் குடும்பத்திலிருந்து எண்ணிடத்தக்க எத்தனை சார்புகளை எடுத்தாலும், அவற்றின் ஆல்பாக்களுக்கு ஒமேகா-1க்குள்ளேயே ஒரு மேலெல்லை உண்டு. அதற்கு அடுத்த புள்ளியைக் கேட்டால் அத்தனை சார்புகளுக்கும் "0" என்பார். எண்ணிடத்தக்க உட்கணம் எதுவும் 1ஐத் தொடாது. டைட்னஸ் போயிற்று.

சி-பி(ஒமேகா-1 + 1)-இல்: அதே குடும்பம், ஆனால் உச்சியில் உட்கார்ந்திருக்கும் புதிய சாட்சி எல்லாப் படிச்சார்புகளுக்கும் "0" என்கிறார். 1 என்ற சார்பு இனி அடைப்பில் வராது. வேறு எது வரலாம்? புள்ளிவாரி எல்லைகளாக வரக்கூடியவை தொடக்கத் துண்டுகளின் சிறப்புச் சார்புகள் (துண்டுக்குள் 1, வெளியே 0) மட்டுமே. எல்லை வரிசையெண் ஒன்றுக்குக் கீழே 1, அதில் தொடங்கி 0 என்று இருப்பது அந்த வரிசையெண்ணிலேயே தொடர்ச்சி இழக்கிறது. உச்சிக்குக் கீழே எல்லாம் 1, உச்சியில் மட்டும் 0 என்பதும் அப்படித்தான். ஆகவே புதிதாக எதுவும் அடைப்பில் சேரவில்லை. குடும்பம் மூடியது. தனித்தனியாகவும் இருக்கிறது: ஆல்பாவையும் ஆல்பா + 1ஐயும் அழைத்துக் கேட்டால் "1, 0" என்ற பதில் படி-ஆல்பாவுக்கு மட்டுமே கிடைக்கும். எண்ணிடத்தகாத மூடிய டிஸ்கிரீட் கணம் ஒன்று உள்ளே இருக்கும்போது லிண்டலாஃப் ஆக வழியே இல்லை.

ஆக, மொத்தச் சண்டையும் 1 என்ற ஒரே சார்பைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதில் முடிகிறது. சி-பி(ஒமேகா-1)-இல் அது இந்தக் குடும்பத்தை ஒன்றுகூட்டி லிண்டலாஃப் ஆக்குகிறது. 1இன் எந்த அண்மைக்கும் வெளியே எண்ணிடத்தக்க படிச்சார்புகள்தான் மிஞ்சும். அதே வேலைக்கு விலையாக டைட்னஸைக் கெடுக்கிறது.

---

ஜனவரி 9, மதியம்

"குடும்பம் லிண்டலாஃப் என்று காட்டிவிட்டால் சி-பி(ஒமேகா-1) முழுவதும் லிண்டலாஃப் ஆகிவிடுமா?" ஆகாது. முழு வெளிக்கு நிரூபணம் தனியாக, இதைவிட நீளமாக இருக்கிறது. தேற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைக் காட்டியது எங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க மட்டுமே.

---

ஜனவரி 10

மற்ற பாதியை, அதாவது ஒமேகா-1 + 1 பக்கம் டைட்னஸ் ஏன் எண்ணிடத்தக்கது என்பதை, நான் விட்டுவிட்டதாக ஒருவர் சொல்கிறார். சரிதான். அது ஆர்ஹாங்கெல்ஸ்கி–பைட்கீவ் தேற்றத்திலிருந்து உடனே வருகிறது (1976, 1982): சி-பி(எக்ஸ்)-இன் டைட்னஸ், எக்ஸ்-இன் முடிவுறு அடுக்குகள் (எக்ஸ்-ஐத் தன்னோடே முடிவுறு முறை பெருக்கிய வெளிகள்) எல்லாவற்றின் லிண்டலாஃப் எண்களின் மீச்சிறு மேலெல்லைக்குச் சமம். லிண்டலாஃப் எண் என்பது எந்தத் திறந்த உறையிலிருந்தும் எவ்வளவு சிறிய உள்ளுறை கிடைக்கும் என்பதன் அளவு. ஒமேகா-1 + 1 கம்பாக்ட் (எந்தத் திறந்த உறைக்கும் முடிவுறு உள்ளுறை உண்டு). அதன் அடுக்குகளும் கம்பாக்ட். முடிந்தது.

நமக்கு வேண்டிய திசையின் நிரூபணம் நான்கு வரிதான். எக்ஸ்-இன் எல்லா முடிவுறு அடுக்குகளும் லிண்டலாஃப் என்க. 0 என்ற சார்பு ஏ என்ற கணத்தின் அடைப்பில் இருக்கிறது. என், எம் என்ற இரண்டு இயல் எண்களை நிலையாக வையுங்கள். ஏ-இலுள்ள ஒவ்வொரு சார்புக்கும், எக்ஸ்-இன் என்-ஆம் அடுக்கில், எல்லா ஆயத்தொலைகளிலும் அந்தச் சார்பின் தனிமதிப்பு 1/எம்-க்குக் குறைவாக இருக்கும் புள்ளிகளைத் திரட்டுங்கள். அது திறந்த கணம். 0 அடைப்பில் இருப்பதால் இந்தத் திறந்த கணங்கள் என்-ஆம் அடுக்கை முழுதாக மூடுகின்றன. எண்ணிடத்தக்க உள்ளுறை ஒன்றை எடுங்கள், அதற்குரிய சார்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா என், எம்-க்கும் இப்படிச் செய்து சேர்த்தால் ஓர் எண்ணிடத்தக்க உட்கணம் கிடைக்கும், 0 அதன் அடைப்பில்.

எனக்கு இந்த நிரூபணம் மிகவும் பிடிக்கும். சார்பைப் புள்ளியாகப் பார்க்கிற வெளியில் கேட்ட கேள்விக்கு, சார்பைத் திறந்த கணம் உண்டாக்கும் கருவியாகப் பார்க்கிற வெளியில் விடை வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் அசானொவ் தேற்றம் (1979): எக்ஸ்-இன் எந்த முடிவுறு அடுக்கின் டைட்னஸும் சி-பி(எக்ஸ்)-இன் லிண்டலாஃப் எண்ணைத் தாண்டாது. முதல் அடுக்குக்கு மட்டும் சொல்கிறேன். சி-பி(எக்ஸ்) லிண்டலாஃப், பி என்ற புள்ளி ஏ-இன் அடைப்பில். பி-இல் மதிப்பு 1 ஆக உள்ள சார்புகள் எல்லாம் சேர்ந்து மூடிய கணம், ஆகவே அதுவும் லிண்டலாஃப். அப்படிப்பட்ட ஒவ்வொரு சார்பும் ஏ-இன் ஏதாவது ஒரு புள்ளியில் 0க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். "இந்தப் புள்ளியில் 0க்கு மேல்" என்ற நிபந்தனை திறந்தது. எண்ணிடத்தக்க உள்ளுறை எடுத்தால் ஏ-இலிருந்து எண்ணிடத்தக்க புள்ளிகள் கிடைக்கும். பி அவற்றின் அடைப்பில் இல்லை என்றால், பி-இல் 1, அந்தப் புள்ளிகளில் 0 என்று ஒரு தொடர்ச்சியான சார்பு உண்டு (டிக்கோனோஃப் இங்கேதான் வேலை செய்கிறது). அது உள்ளுறைக்கு வெளியே நிற்கிறது, முரண்.

ஒமேகா-1 + 1இல் உச்சிப்புள்ளியின் டைட்னஸ் எண்ணிடத்தகாதது. ஆகவே சி-பி லிண்டலாஃப் ஆக முடியாது. நேற்று படிச்சார்புகளை வைத்துச் சுற்றிவளைத்துக் காட்டியதை அசானொவ் ஒரு வரியில் முடிக்கிறார். ஆனாலும் படிச்சார்பு வழியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

---

ஜனவரி 10, பின்னிரவு

அட்டவணை கேட்டவருக்கு. தருகிறேன், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள். எக்ஸ் முடிவிலி என்க.

சி-பி(எக்ஸ்)-இன் எடையும் (மிகச் சிறிய அடிப்படையின் அளவு) ஒரு புள்ளியைச் சுற்றிய அண்மை அடிப்படையின் அளவும் இரண்டுமே எக்ஸ்-இன் புள்ளிகளின் எண்ணிக்கைதான். ஆகவே எக்ஸ் எண்ணிடத்தக்கதாக இருந்தால் மட்டுமே சி-பி(எக்ஸ்) மெட்ரிக் வெளி. நெட்வொர்க் எடை (அடிப்படை போலவே, ஆனால் கணங்கள் திறந்தவையாக இருக்க வேண்டியதில்லை) இரு பக்கமும் ஒன்றே. சி-பி(எக்ஸ்)-இன் அடர்த்தி (மிகச் சிறிய அடர்ந்த கணத்தின் அளவு), எக்ஸ்-இன் திறந்த கணங்களைக் குறைத்து டிக்கோனோஃப் ஆகவே வைத்துக்கொண்டு எவ்வளவு குறைந்த எடைக்குக் கொண்டுவரலாமோ அந்த எண் (நோபிள், 1974). எக்ஸ்-இன் அடர்த்தி, சி-பி(எக்ஸ்)-இல் ஒரு புள்ளியைத் திறந்த கணங்களின் வெட்டாகப் பெற எத்தனை வேண்டுமோ அந்த எண். டைட்னஸ் பற்றி மேலே பார்த்தோம்.

ஒன்றுவிட்ட ஒன்றாகக் குறுக்கே நெய்த மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் நெசவு அறுந்த இடம் ஒன்று உண்டு. ஒன்றையொன்று வெட்டாத திறந்த கணங்கள் எத்தனை இருக்கலாம் என்ற எண், சி-பி(எக்ஸ்)-இல் எப்போதும் எண்ணிடத்தக்கது. எக்ஸ் எவ்வளவு பெரிய பூதமாக இருந்தாலும் சரி. காரணம், சி-பி(எக்ஸ்) மெய்க்கோட்டின் எக்ஸ்-அடுக்குப் பெருக்கல் வெளியில் அடர்ந்து கிடக்கிறது, அந்தப் பெருக்கல் வெளிக்கு அந்தக் குணம் உண்டு. எக்ஸ் பற்றி எந்தத் தகவலும் தராத இன்வேரியன்ட். தேர்வில் இதைக் கேட்டால் மதிப்பெண் தானம்.

அட்டவணை மேல் எனக்கு ஏன் கோபம் என்றால், நான் முதுகலை படித்தபோது இதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக நிரூபணங்களை ஓட்டினார்கள். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சி-பி(ஒமேகா-1)-இல் உள்ள ஒரு சார்பை எழுதிக் காட்டு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பிற்பாடு நான் வகுப்பெடுக்க வேண்டி வந்தபோது படிச்சார்புகளிலிருந்து தொடங்கினேன். பின் வரிசையிலிருந்து "சார், இவ்வளவுதானா?" என்று ஒரு குரல் வந்தது. அதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

---

ஜனவரி 12

"டைட்னஸ் தேற்றத்தில் எல்லா அடுக்குகளும் எதற்கு? எக்ஸ் லிண்டலாஃப் என்றால் போதாதா?"

போதாது. சார்ஜென்ஃப்ரே கோடு இதற்கென்றே பிறந்த மாதிரி. இடப்பக்கம் மூடி வலப்பக்கம் திறந்த இடைவெளிகளை அடிப்படையாகக் கொண்ட மெய்க்கோடு. அது லிண்டலாஃப். ஆனால் அதன் வர்க்கத்தில் எதிர் மூலைவிட்டம் மூடிய டிஸ்கிரீட் கணம், அளவு கன்டின்யம் (மெய்யெண்களின் எண்ணிக்கை). ஆகவே சி-பி(சார்ஜென்ஃப்ரே)-இன் டைட்னஸ் கன்டின்யம். அடர்த்தியோ எண்ணிடத்தக்கது, ஏனென்றால் சார்ஜென்ஃப்ரே இடவியலின் திறந்த கணங்களைக் குறைத்தால் சாதாரண மெய்க்கோடு கிடைக்கிறது.

அதோடு சும்மா விட மனம் வரவில்லை. சி-பி(சார்ஜென்ஃப்ரே) லிண்டலாஃபா? அசானொவ் இங்கே உதவமாட்டார். சார்ஜென்ஃப்ரேயின் அடுக்குகளில் டைட்னஸ் எண்ணிடத்தக்கது, அதனால் தடை எதுவும் கிடைக்காது. கையால்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் அதற்கு முன் 0, அதிலிருந்து 1 என்ற சார்பு இங்கே தொடர்ச்சியானது. முதல் முயற்சியாக இந்தச் சார்புகளை எல்லாம் சேர்த்தால் டிஸ்கிரீட் கிடைக்காது. கீழிருந்து நெருங்கினால் உரிய சார்புக்கே ஒருங்குகின்றன. மேலிருந்து நெருங்கினால் தொடர்ச்சியற்ற ஒன்றுக்குப் போகின்றன. ஒரு பக்கம் கதவு திறந்திருக்கிறது, அதையும் சாத்த வேண்டும்.

சார்ஜென்ஃப்ரே கோடு தன்னுடைய இரண்டு பிரதிகளின் கூட்டுக்கு ஒத்த இடவியல் கொண்டது. ஆகவே சி-பி(சார்ஜென்ஃப்ரே) தன் வர்க்கத்துக்கே ஒத்தது. வர்க்கத்தில் ஜோடிகளை எடுங்கள்: 0க்கும் 1க்கும் இடையிலான ஒவ்வோர் எண்ணுக்கும், முதல் உறுப்பு அந்த எண்ணில் தாவும் சார்பு, இரண்டாவது அதன் எதிர்க்குறி எண்ணில் தாவும் சார்பு. இப்போது மேலிருந்து நெருங்கினால் முதல் உறுப்பு கெடுகிறது. கீழிருந்து நெருங்கினால் எதிர்க்குறி மேலிருந்து நெருங்குவதால் இரண்டாம் உறுப்பு கெடுகிறது. எந்தப் பக்கமும் எல்லை கிடையாது. கன்டின்யம் அளவில் மூடிய டிஸ்கிரீட் கணம். லிண்டலாஃப் இல்லை. அடர்த்தி எண்ணிடத்தக்கதாக இருந்து கன்டின்யம் அளவில் மூடிய டிஸ்கிரீட் கணமும் இருந்தால், ஜோன்ஸ் துணைத்தேற்றப்படி நார்மல் (ஒன்றையொன்று வெட்டாத மூடிய கணங்களைத் திறந்த கணங்களால் பிரிக்க முடிவது) கூட இல்லை.

எதிர் மூலைவிட்டமே சார்புவெளிக்குள் வேடம் மாற்றி வந்திருக்கிறது, கவனித்தீர்களா.

---

ஜனவரி 13

ஜோடிகளுக்கு 0–1 என்று எல்லை வைத்தது அழகுக்காகவா என்று கேட்கிறீர்கள். இல்லை. முழு மெய்க்கோட்டையும் எடுத்தால் எண் முடிவிலிக்குப் போகும்போது முதல் உறுப்பு 0க்கும் இரண்டாவது 1க்கும் ஒருங்குகின்றன. இரண்டும் தொடர்ச்சியானவை. மூடிய கணமாக இருக்காது.

---

ஜனவரி 15

டைட்னஸ் எண்ணிடத்தக்கது என்றால் அடைப்பிலுள்ள புள்ளிக்கு ஒரு தொடர்வரிசை ஒருங்கும் என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அந்தக் குணத்துக்கு ஃப்ரெஷே–உரிசான் என்று பெயர், அது இதைவிட வலுவானது. சி-பி([0, 1])-இலேயே உடைகிறது. கம்பாக்ட் என்பதால் டைட்னஸ் எண்ணிடத்தக்கது. இப்போது 0க்கும் 1க்கும் இடையில் மதிப்புகள் கொண்டு, தொகையீடு 1/2க்குக் குறையாத தொடர்ச்சியான சார்புகள் எல்லாவற்றையும் எடுங்கள். 0 என்ற சார்பு இதன் அடைப்பில் இருக்கிறது: முடிவுறு சாட்சிகளிடம் மட்டும் 0 என்று காட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் 1க்கு ஏறிக்கொள்ளும் சார்பை வரைவது எளிது. ஆனால் இந்தக் கணத்திலிருந்து ஒரு தொடர்வரிசை புள்ளிவாரியாக 0க்கு ஒருங்கினால், லெபேக்கின் மேலாதிக்க ஒருங்கல் தேற்றப்படி தொகையீடுகளும் 0க்குப் போக வேண்டும். அவை 1/2க்குக் கீழே இறங்காதவை. முரண்.

அளவுக் கோட்பாட்டுப் பாடத்தில் படித்த தேற்றம் பொது இடவியலில் இப்படி வந்து கதவைத் தட்டும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முதலில் பார்த்த அன்று பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

நம் ஒமேகா-1 + 1 மேலான சி-பி ஃப்ரெஷே–உரிசான்தான். கம்பாக்ட் வெளிகளில் எக்ஸ் சிதறிய வெளியாக (வெற்றல்லாத எந்த உட்கணத்திலும் ஒரு தனித்த புள்ளி உண்டு) இருந்தால் மட்டுமே சி-பி(எக்ஸ்) அப்படி ஆகும். ஒமேகா-1 + 1 சிதறியது, [0, 1] இல்லை.

---

ஜனவரி 16

பொதுவாக எப்போது ஃப்ரெஷே–உரிசான்? கெர்லிட்ஸும் நாகியும் 1982இல் பதில் சொன்னார்கள். எக்ஸ்-இன் ஒவ்வொரு முடிவுறு உட்கணமும் ஏதாவது ஓர் உறுப்புக்குள் முழுதாக அடங்குகிற மாதிரியான திறந்த உறை எதை எடுத்தாலும், அதிலிருந்து ஒரு தொடர்வரிசையைப் பொறுக்கி, ஒவ்வொரு புள்ளியும் முடிவுறு எண்ணிக்கை தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் இருக்கும்படி செய்ய முடிய வேண்டும். இதைக் காமா பண்பு என்கிறார்கள்.

சரி, மெய்க்கோட்டில் எண்ணிடத்தகாத ஒரு உட்கணம் காமா பண்போடு இருக்கிறதா? மார்ட்டின் அடிகோளை (கணக்கோட்பாட்டில் வழக்கமானவற்றுக்கு மேல் கூடுதலாக வைக்கும் ஓர் அடிகோள்) ஏற்றால் கன்டின்யம் அளவிலேயே உண்டு, கால்வினும் மில்லரும் 1984இல் காட்டினார்கள். ஆனால் காமா பண்புள்ள மெய்யெண் கணங்கள் வலுவான சுழிய அளவுடையவை: எந்த நீளங்களின் தொடர்வரிசையைக் கொடுத்தாலும் அந்த நீளங்களுள்ள இடைவெளிகளால் மூடிவிடலாம். அப்படிப்பட்டவை எல்லாம் எண்ணிடத்தக்கவை என்று இருப்பது முரணற்றது என்று லேவர் 1976இலேயே காட்டிவிட்டார். ஆக வழக்கமான கணக்கோட்பாட்டு அடிகோள்களை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"இதெல்லாம் எதற்கு உதவும்?" என்று கேட்டவருக்கு: பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட உதவும்.

---

ஜனவரி 19

தடம் மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஹாங்கெல்ஸ்கி யார் என்று கேட்டிருக்கிறீர்கள். சார்புவெளிக்கு வருமுன்பே, 1969இல், கார்டினல் இன்வேரியன்ட்களில் பெரிய முடிச்சு ஒன்றை அவிழ்த்தவர். ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணிடத்தக்க அடிப்படை கொண்ட கம்பாக்ட் ஹவுஸ்டார்ஃப் வெளி கன்டின்யத்தைவிடப் பெரிதாக இருக்குமா என்று அலெக்சாண்ட்ரோஃபும் உரிசானும் 1920களில் கேட்டிருந்தார்கள். இருக்காது, கம்பாக்ட் கூட வேண்டாம், லிண்டலாஃப் போதும் என்று இவர் காட்டினார். உரிசான் விடையைப் பார்க்கவில்லை. 1924இல், 26 வயதில், பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் நீந்தப் போய் மூழ்கி இறந்தார். இன்றைக்கு உரிசான் துணைத்தேற்றம் இல்லாமல் இடவியல் பாடமே கிடையாது.

இன்னொரு தடமாற்றம். [0, 1] மேலும் அதன் வர்க்கத்தின் மேலும் உள்ள தொடர்ச்சியான சார்புகளை வழக்கமான சீரான நெறிமத்தோடு எடுத்தால் இரண்டும் பனாக் வெளிகளாக ஒன்றுக்கொன்று சமவடிவம். மிலுதின் தேற்றம். கோடும் சதுரமும் அங்கே பிரித்தறிய முடியாதவை. புள்ளிவாரி இடவியலுக்கு வந்தால் கதை வேறு: சி-பி இரண்டும் நேரியல் முறையில் ஒத்தவை என்றால் பரிமாணம் சமமாக இருக்க வேண்டும் என்று 1982இல் பெஸ்தொவ் காட்டினார். வலுக்குறைந்த இடவியல்தான் அதிகம் நினைவு வைத்திருக்கிறது. லிண்டலாஃப் எண்ணும் அதே மாதிரி நேரியல் ஒப்புமையில் காக்கப்படுகிறது, ஆனால் அதற்கு 2001இல் பூசியாத் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. லிண்டலாஃப் பண்புக்கு மட்டும் வெலிச்கோ 1998இல் முடித்திருந்தார்.

---

ஜனவரி 20

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். கேட்டவரைக் கொஞ்சம் அதிகமாகவே விரட்டிவிட்டோம். அவர் உள்ளுணர்வு சரியாக வேலை செய்யும் இடமும் உண்டு. கூட்டிய புள்ளி தனித்த புள்ளியாக இருந்தால், புதிய சி-பி பழைய சி-பி-யை மெய்க்கோட்டால் பெருக்கியது. லிண்டலாஃபை மெய்க்கோட்டால் பெருக்கினால் லிண்டலாஃப்தான். அடுக்குகளின் லிண்டலாஃப் எண்ணும் மாறாது, ஆகவே டைட்னஸும் மாறாது. ஆனால் அப்போது சார்புகள் ஒரே விதமாக நீள்வதில்லை, தனித்த புள்ளியில் எந்த மதிப்பையும் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அவர் "அதே சார்புகள்" என்று ஆறுதலாக எழுதிய நிபந்தனைதான் ஆபத்தானது. ஒரே விதமாக நீள வேண்டுமானால் புதிய புள்ளி பழைய வெளியோடு நெருக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டுதல்தான் புதிய சாட்சிக்கு அதிகாரம் தருகிறது.

---

ஜனவரி 23

"சி-பி(சார்ஜென்ஃப்ரே) தன் வர்க்கத்துக்கே ஒத்தது என்றீர்கள். எல்லா சி-பி-க்கும் அப்படியா? அப்படியானால் லிண்டலாஃப் பண்பு வர்க்கத்துக்கும் தானாக வந்துவிடுமே?"

எல்லாவற்றுக்கும் இல்லை. சி-பி(ஒமேகா-1 + 1) தன் வர்க்கத்துக்கு ஒத்தது இல்லை, குல்கோவின் முடிவு. மறுபடியும் நம்முடைய அதே வெளி, கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வி ஆர்ஹாங்கெல்ஸ்கியே கேட்டது: சி-பி(எக்ஸ்) லிண்டலாஃப் என்றால் அதன் வர்க்கமும் லிண்டலாஃபா? பல பத்தாண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. பொதுவான லிண்டலாஃப் வெளிக்கு சார்ஜென்ஃப்ரே கோடே மறுப்பு. சார்புவெளிகளுக்கு மட்டும் ஒரு மறுப்பையும் காட்ட முடியவில்லை, நிரூபிக்கவும் முடியவில்லை. இந்தக் கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருவன், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்காதீர்கள். உதவித்தொகை தீர்ந்துபோகும், கேள்வி தீராது.

---

ஜனவரி 24

கடைசியாக வந்த கேள்வி நன்றாக இருக்கிறது: ஒமேகா-1க்குப் பதிலாக ஒமேகா-2 (ஒமேகா-1ஐவிடப் பெரிய அளவுள்ள முதல் வரிசையெண்) போட்டால் அதே இடமாற்றம் நடக்குமா?

பாதி நடக்கும். படிச்சார்புகளை ஒமேகா-2க்குக் கீழுள்ள எல்லா ஆல்பாக்களுக்கும் எடுங்கள். சி-பி(ஒமேகா-2)-இல் 1 அடைப்பில் இருக்கிறது, ஒமேகா-2க்குக் குறைந்த எண்ணிக்கையில் எடுத்தால் போதாது. ஆகவே டைட்னஸ் ஒமேகா-2. சி-பி(ஒமேகா-2 + 1)-இல் அதே குடும்பம் மூடிய டிஸ்கிரீட், கம்பாக்ட் என்பதால் டைட்னஸ் எண்ணிடத்தக்கது. இதுவரை ஒமேகா-1 போலவே.

ஆனால் சி-பி(ஒமேகா-2) லிண்டலாஃப் இல்லை. ஒமேகா-1 இப்போது வெளிக்குள்ளேயே ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது, அங்கே டைட்னஸ் எண்ணிடத்தகாதது, அசானொவ் உடனே பிடித்துவிடுவார். கையால் வேண்டுமானால், எண்ணிடத்தக்க ஆல்பாக்களின் படிச்சார்புகளை மட்டும் எடுங்கள். அவை நெருங்கக்கூடிய சார்பு ஒமேகா-1க்குக் கீழே 1, ஒமேகா-1இல் தொடங்கி 0. அது ஒமேகா-1 என்ற புள்ளியில் தொடர்ச்சி இழக்கிறது. எண்ணிடத்தகாத மூடிய டிஸ்கிரீட் கணம், முந்தைய வாதமே வரிக்கு வரி.

அந்தப் புள்ளியையும் அதைப் போல எண்ணிடத்தக்க தொடர்வரிசையால் எட்ட முடியாத மற்ற எல்லைப் புள்ளிகளையும் ஒமேகா-2இலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். தாளை எடுத்துப் படிச்சார்புகளிலிருந்து தொடங்குங்கள்.